சட்டத்தை மாற்ற வைத்தவர்கள்

"பிராட்மேன் ரெண்டே நாட்டுலதானே ஆடினார், சித்தப்பா?"

அண்ணன் மகன் இப்படிக் கேட்டபோது இரவு மணி 11 தாண்டியிருந்தது. கோலியில் ஆரம்பித்த பேச்சு சச்சினுக்குப் போய், அங்கிருந்து லாராவைச் சுற்றிக்கொண்டு கடைசியில் பிராட்மேனிடம் வந்து நின்றிருந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை. பிராட்மேன் ஆடிய 52 டெஸ்ட்களும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் நடந்தவைதான். மொத்தமே 10 மைதானங்கள். 52-ல் 37 ஆட்டங்கள் இங்கிலாந்து என்ற ஒரே அணிக்கு எதிராக. கராச்சியின் வெயிலோ, கொழும்பின் சுழலோ, பார்படாஸின் வேகமோ அவர் பார்க்காதவை.

"அப்போ அவரோட 99.94 சராசரியை எப்படி எடுத்துக்கறது?" என்றான்.

அன்று இரவு வழக்கமான பதிலைத்தான் சொன்னேன். அந்தக் காலம் மட்டையாளர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது என்றால், கூடவே ஆடிய மற்றவர்களும் 80, 90 என்று சராசரி வைத்திருக்க வேண்டும் அல்லவா? இல்லையே. வாலி ஹாமண்ட் 58.45. ஹெர்பர்ட் சட்கிளிஃப் 60.73. ஜார்ஜ் ஹெட்லி 60.83. அன்றைய மேதைகள் எல்லாரும் 60-ஐ ஒட்டி நிற்கிறார்கள், இவர் ஒருவர் மட்டும் 100-ஐ ஒட்டி நிற்கிறார். 80 இன்னிங்ஸில் 29 சதம் என்றால் மூன்று முறை மட்டை பிடித்தால் ஒரு சதத்துக்கு மேல். சச்சினுக்கு 329 இன்னிங்ஸில் 51, அதாவது ஆறு ஏழு இன்னிங்ஸுக்கு ஒன்று. பையன் தலையாட்டினான், ஆனால் சமாதானம் ஆகவில்லை. உண்மையில் எனக்கும் ஆகவில்லை. எண்ணை வைத்து எண்ணை நியாயப்படுத்துவது எங்கோ சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி இருந்தது.

அடுத்த சில நாட்கள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்குப் பிடிபட்ட அளவுகோல் இதுதான்: ஒருவரைத் தடுக்க, அல்லது ஒரு அணியைத் தாக்குப்பிடிக்க, மற்றவர்கள் என்ன செய்ய வேண்டியிருந்தது? கள அமைப்பை மாற்றினால் போதுமா, புதிய உத்தி கண்டுபிடிக்க வேண்டியிருந்ததா, இல்லை ஆட்டத்தின் சட்டத்திலேயே கை வைக்க வேண்டி வந்ததா? 1930-க்கும் 2020-க்கும் பொதுவான ஆடுகளம் இல்லை, பொதுவான மட்டையும் இல்லை. ஆனால் எதிரிகளின் பயம் எல்லாக் காலத்திலும் இருக்கிறது. அதை அளக்கலாம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பிராட்மேனின் பெரிய சாட்சி 99.94 இல்லை, பாடிலைன்தான். 1930 இங்கிலாந்துத் தொடரில் அவர் அடித்தது 974 ரன். லீட்ஸில் 334, அதில் 309 ஒரே நாளில். இனி இவனை வழக்கமாக வீசி அவுட்டாக்க முடியாது என்று இங்கிலாந்து முடிவுக்கு வந்ததன் விளைவுதான் 1932-33 ஆஸ்திரேலியத் தொடரில் வந்த பாடிலைன். இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டின், லெக் பக்கம் (மட்டையாளரின் கால் பக்கம்) ஆட்களைக் குவித்து வைத்துக்கொண்டு, ஹரால்ட் லார்வுட்டை உடம்பைக் குறிவைத்து வீசச் சொன்னார். ஹெல்மெட் கிடையாது, மார்புக்கவசம் கிடையாது. தடுத்தால் கேட்ச், தூக்கி அடித்தாலும் கேட்ச், விட்டால் விலா. லார்வுட் அந்தத் தொடரில் 33 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 4-1 என்று ஜெயித்தது. பிராட்மேன் நான்கு டெஸ்டில் 396 ரன், சராசரி 56.57.

இந்த 56.57-ஐத் தோல்வி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். உலகத்தில் மற்ற யாருக்கும் அது வாழ்நாள் சாதனை. ஒரே ஒரு ஆளுக்காக இரண்டு நாடுகளின் உறவே கசக்கும் அளவுக்கு ஒரு உத்தி கண்டுபிடிக்கப்பட்டது. அது ஆபத்தானது என்று பிறகு தடுக்கப்பட்டது. 1950-களின் பிற்பகுதியில், லெக் பக்கம் ஸ்கொயருக்குப் (மட்டையாளரின் நேர்பக்கவாட்டுக் கோட்டுக்குப்) பின்னால் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது. இன்று எந்த ஊர் மைதானத்திலும் நடுவர் அந்த இருவரை எண்ணிப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் அந்தத் தொடரின் நிழல் இருக்கிறது.

சரி, பிராட்மேனிடம் குறையே இல்லையா? உண்டு. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த பிட்சில் அவர் தடுமாறினார். அன்று பிட்சை மூட மாட்டார்கள். பந்து எகிறும், திடீரென்று நிற்கும், கண்டபடி திரும்பும். 1937 ஜனவரி மெல்போர்ன் டெஸ்டில் அவர் கேப்டன். பிட்ச் ஈரமாக இருக்கிறது என்று மட்டை வரிசையையே தலைகீழாகத் திருப்பி, பந்துவீச்சாளர்களை முதலில் அனுப்பினார். பிட்ச் காய்ந்த பிறகு ஏழாவது ஆளாக இறங்கி 270. புத்திசாலித்தனத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அதே மெல்போர்னில், 1928-29 தொடரில், ஜாக் ஹாப்ஸும் சட்கிளிஃபும் இப்படிப்பட்ட பிட்சிலேயே நின்று முதல் விக்கெட்டுக்கு 105 சேர்த்தார்கள். நனைந்த பிட்சில் ஒரு உயிரைக் காப்பாற்ற யாரை அனுப்புவாய் என்று கேட்டால் நான் ஹாப்ஸின் பெயரைத்தான் சொல்வேன், பிராட்மேனை அல்ல.

வெறும் எண்ணை நம்ப முடியாது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். டெஸ்டில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர்களில் மிகக் குறைந்த சராசரி யாருடையது? ஜார்ஜ் லோமன். 18 டெஸ்ட், 112 விக்கெட், சராசரி 10.75. அவர் ஆடியது 1886-லிருந்து 1896 வரை. அதற்காக மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் மால்கம் மார்ஷலை விட லோமன் இரண்டு மடங்கு பெரியவர் ஆகிவிட மாட்டார்.

இதைவிட எனக்கு நெஞ்சில் நிற்பது மேற்கிந்தியச் சுழற்பந்து வீச்சாளர் சோனி ராமதீனின் கதை. 1957, எட்ஜ்பாஸ்டன். முதல் இன்னிங்ஸில் அவர் 49 ரன்னுக்கு 7 விக்கெட். இங்கிலாந்து 186-க்கு ஆல் அவுட். எந்தப் பக்கம் திருப்புகிறார் என்றே மட்டையாளர்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் பீட்டர் மேயும் காலின் கவுட்ரியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கணிக்க வேண்டாம், முன்காலை நீட்டிப் பேடால் தடுத்துவிடலாம். எல்.பி.டபிள்யூ. என்றால் ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்தால் அவுட்; அன்றைய அந்தச் சட்டப்படி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பேடில் பட்டால் அவுட் கிடையாது, மட்டையை ஓங்காமலே நின்றாலும் சரி. இருவரும் சேர்த்தது 411 ரன். மே 285, ஆட்டமிழக்கவில்லை. ராமதீன் அந்த ஒரே இன்னிங்ஸில் வீசியது 98 ஓவர். கிடைத்தது இரண்டு விக்கெட். ஷாட் ஆட முயலாமல் பேடை நீட்டினால் வெளியே பட்டாலும் அவுட் கொடுக்கலாம் என்ற திருத்தம் 1970-களின் தொடக்கத்தில்தான் சட்டமானது. ராமதீனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் சுழற்பந்து வீச்சாளர்களைப் பாருங்கள். பிஷன் பேடி 67 டெஸ்டில் 266 விக்கெட், சராசரி 28.71. அஸ்வின் 106 டெஸ்டில் 537, சராசரி 24. அஸ்வின் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. அவருடைய மூளைக்கு இணையாக இன்னொரு மூளையை நான் கிரிக்கெட்டில் பார்த்ததில்லை. ஆனால் பேடியின் காலத்தில் மட்டையாளர் முன்காலை ஒரு எட்டு நீட்டிவிட்டாலே போதும், நடுவர் தலையை ஆட்டிவிடுவார். நடுவர் தீர்ப்பை வீடியோவில் மறுபரிசீலிக்கும் டிஆர்எஸ் வந்த பிறகுதான் அந்த நீட்டிய காலுக்குப் பின்னால் ஸ்டம்பு இருந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பேடியின் 28.71-ல் கொடுக்கப்படாத எத்தனை எல்.பி.டபிள்யூ. புதைந்திருக்கிறதோ! அந்த எண்ணை வைத்து அவரை இரண்டாம் வரிசையில் உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

அணிகளுக்கு வருவோம். 1948-ல் இங்கிலாந்து போன பிராட்மேனின் ஆஸ்திரேலியா 34 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. லீட்ஸில் கடைசி நாளில் 404 ரன்னை மூன்றே விக்கெட் இழப்பில் துரத்திப் பிடித்தார்கள். ஓவலில் இங்கிலாந்தை 52-க்குச் சுருட்டினார்கள். மறுக்க முடியாத அணிதான். ஆனால் எதிரே இருந்தது போரில் ஆறு ஆண்டுகளை இழந்து எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்த இங்கிலாந்து. அதனால் 1948-ஐ மிகச் சிறந்த சுற்றுப்பயணம் என்று சொல்வேன், மிகச் சிறந்த அணி என்று சொல்லத் தயங்குவேன்.

என் மனதில் அந்த இடம் கிளைவ் லாய்டின் மேற்கிந்தியத் தீவுகளுக்குத்தான். அது பிறந்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் இந்தியாவுக்கும் பங்கு இருக்கிறது. 1975-76-ல் ஆஸ்திரேலியாவில் வேகப்பந்து வீச்சாளர்கள் லில்லியும் தாம்சனும் அவர்களை 5-1 என்று நொறுக்கி அனுப்பினார்கள். ஊர் திரும்பியதும் இந்தியாவோடு தொடர். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் லாய்ட் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை வைத்துக்கொண்டு, 403 ரன் இலக்கு வைத்து டிக்ளேர் செய்தார். இந்தியா நான்கே விக்கெட் இழந்து அடித்து முடித்தது. கவாஸ்கர் 102, விஸ்வநாத் 112, மொஹிந்தர் 85. அதற்கு முன் நான்காவது இன்னிங்ஸில் அவ்வளவு பெரிய இலக்கைத் துரத்தி ஜெயித்தது ஒரே ஒரு முறைதான், அதே 1948 லீட்ஸ்.

லாய்ட் இரண்டு பாடத்தையும் சேர்த்துப் படித்தார். அடுத்த டெஸ்ட் கிங்ஸ்டனில். சுழற்பந்து ஓரங்கட்டப்பட்டது, வேகம் உள்ளே வந்தது. கெய்க்வாடுக்குக் காதருகே அடி, விஸ்வநாத்துக்கு விரல் முறிவு, பிரிஜேஷ் படேலுக்கு வாயில் அடி. இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 97-ல் முடிந்தது, ஐந்து விக்கெட்தான் விழுந்திருந்தது, மட்டை பிடிக்க ஆள் இல்லை. அன்று தொடங்கியதுதான் நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை இறக்கும் அந்த நால்வர் சூத்திரம். ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட். ஒருவர் களைத்தால் இன்னொருவர், ஒருவர் ஓய்வு பெற்றால் மார்ஷல், பிறகு அம்ப்ரோஸ், வால்ஷ், பிஷப். 1980 தொடக்கத்தில் நியூசிலாந்தில் தோற்றவர்கள் அடுத்த டெஸ்ட் தொடரை இழந்தது 1995-ல்தான். 15 ஆண்டுகள்! கேப்டன் மாறினார், தொடக்க ஜோடி மாறியது, பந்துவீச்சாளர்கள் அத்தனை பேரும் மாறினார்கள், தோல்வி மட்டும் வரவில்லை. 1984-ல் மட்டும் தொடர்ந்து 11 டெஸ்ட் வெற்றி. அந்த ஆண்டு லார்ட்ஸில் 342 ரன் இலக்கை ஒரே விக்கெட் இழப்பில் அடித்தார்கள், கிரீனிட்ஜ் ஆட்டமிழக்காமல் 214.

எதிரிகள் என்ன செய்ய வேண்டி வந்தது? ஹெல்மெட் அந்தக் காலத்தில்தான் சாதாரணமானது. 1991-ல் ஒரு ஓவரில் ஒரு மட்டையாளருக்கு ஒரே ஒரு பவுன்சர்தான் (தலை உயரத்துக்கு எகிறும் பந்து) என்று சட்டம் போட்டார்கள், பிறகு 1994-ல் ஓவருக்கு இரண்டு என்று தளர்த்தினார்கள். ஒரு அணியின் ஆயுதத்தை எண்ணிக்கை வைத்துக் கட்ட வேண்டியிருந்தது என்றால், அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

சுழலுக்கு எதிராக அவர்கள் திணறினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு, அது உண்மைதான். 1986-ல் ஃபைசலாபாத்தில் அப்துல் காதிர் முன்னால் 53-க்குச் சுருண்டார்கள். 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். இம்ரானின் பாகிஸ்தான் அவர்களோடு மூன்று தொடர்களை அடுத்தடுத்து 1-1 என்று சமன் செய்தது. அந்த பாகிஸ்தானுக்கு இன்னும் போதுமான மரியாதை கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஸ்டீவ் வா, பாண்டிங் காலத்து ஆஸ்திரேலியாவை எதிரே நிறுத்தினால்? வார்ன் இருக்கிறார், மெக்ரா இருக்கிறார். இரண்டு முறை தொடர்ந்து 16 டெஸ்ட் வெற்றி. இரண்டு முறையும் அந்தத் தேரை நிறுத்தியது இந்தியாதான், 2001-ல் கொல்கத்தாவில், 2008-ல் பெர்த்தில். லக்ஷ்மணின் 281-ஐப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆஸ்திரேலியாவுக்காக யாரும் சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் டெஸ்டில் ஓவருக்கு 4 ரன்னை நெருங்கி அடிக்கலாம் என்று காட்டி, மற்ற எல்லா அணிகளின் கணக்கையும் மாற்றினார்கள். அதில் ஒருவர் தனியாக நிற்கிறார்: கில்கிறிஸ்ட். அவருக்கு முன் ராட் மார்ஷின் மட்டைச் சராசரி 26.51, ஆலன் நாட் 32.75, இருவரும் அவரவர் காலத்தின் மிகச் சிறந்த கீப்பர்கள். கில்கிறிஸ்ட் 47.60. தன் இரண்டாவது டெஸ்டிலேயே ஹோபார்ட்டில் 126-க்கு 5 என்ற நிலையில் இறங்கி, லாங்கரோடு சேர்ந்து 369-ஐத் துரத்திப் பிடித்தார், 149 நாட் அவுட். அதற்கப்புறம் கைக்கவசத்தால் பந்தை மட்டும் நன்றாகப் பிடிக்கிற கீப்பருக்கு எந்த நாட்டிலும் இடம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃபிளவர். 63 டெஸ்ட், சராசரி 51.54, பெரும்பாலும் கீப்பராகவே ஆடிக்கொண்டு. கில்கிறிஸ்ட் வருவதற்கு முன்பே அவர் இதைச் செய்துகொண்டிருந்தார். கூட ஒன்பது ஜாம்பவான்கள் இல்லாததால் உலகம் அவரைப் பார்த்துப் பாடம் கற்கவில்லை.

முரளிதரனையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். பந்து வீசும்போது அவர் கை மடக்குகிறார் என்ற சர்ச்சை வந்தபோது ஆராய்ந்து பார்த்ததில், சுத்தமான கை என்று நினைத்த வேகப்பந்து வீச்சாளர்களும் முழங்கையை நீட்டுகிறார்கள் என்று தெரிந்தது. 2005-லிருந்து எல்லோருக்கும் 15 டிகிரி என்ற ஒரே எல்லை வந்தது. அவருக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்பது தவறான பேச்சு. ஒரு மனிதரின் கை, மனிதக் கை எப்படி வேலை செய்கிறது என்பதையே ஆட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தது. 800 விக்கெட்டை விட எனக்கு அது பெரியது.

கவாஸ்கருக்கு மேற்கிந்தியர்களுக்கு எதிராக 13 சதம். அதில் எல்லாமே நால்வர் படைக்கு எதிராக வந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும், 1971-ல் அந்தப் படை பிறக்கவே இல்லை. ஆனால் 1983-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கான்பூரில் மார்ஷலின் பந்து அவர் கையிலிருந்த மட்டையையே தட்டிவிட்டது. கதை முடிந்தது என்றார்கள். அடுத்த டெஸ்டிலேயே டெல்லியில் ஹூக் ஷாட்டுகளாக ஆடி 121, பிராட்மேனின் 29 சதங்களைத் தொட்டார். டிசம்பரில் சேப்பாக்கத்தில், நான்காவது ஆளாகப் போகலாம் என்று இருந்தவர், ரன் எதுவும் வராமலே இரண்டு விக்கெட் விழுந்ததால் அப்போதே இறங்க வேண்டி வந்தது. 236, ஆட்டமிழக்காமல். 30-வது சதம்.

இன்றைய ஆட்களில் இந்த வரிசைக்கு வரத் தகுதி உள்ளவர் பும்ரா. 200 விக்கெட்டைத் தொட்டபோது சராசரி 20-க்குக் கீழே. டெஸ்ட் வரலாற்றில் அப்படி அந்த எண்ணைத் தொட்டவர் அவர் மட்டும்தான். அதுவும் டிஆர்எஸ் அவருக்கு உதவுகிற அளவுக்கு மட்டையாளருக்கும் உதவுகிற காலத்தில், தலை முதல் கால்வரை கவசம் போட்டவர்களுக்கு எதிரே.

இதையெல்லாம் அண்ணன் மகனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அப்புறம், "சித்தப்பா, நிறவெறியால தென்னாப்பிரிக்காவைத் தள்ளிவச்சப்போ பேரி ரிச்சர்ட்ஸ் நாலு டெஸ்ட்தானே ஆடினார்? அவருக்காக யார் எந்தச் சட்டத்தை மாத்த முடியும்?" என்றான். நான்கு டெஸ்ட், 508 ரன், சராசரி 72.57. பதில் இல்லை. 1958-ல் மெல்போர்னில், ஒரே டெஸ்டில் சதமும் 10 விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் பெட்டி வில்சன், ஒரு பெண். ஆண்களில் அதைச் செய்ய 1980-ல் போத்தம் வர வேண்டியிருந்தது. பெட்டி வில்சனுக்கும் என் அளவுகோலில் இடமில்லை. அதையும் நானே அவனிடம் சொன்னேன்.

"விஸ்வநாத்?" என்றான். என் பலவீனம் அவனுக்குத் தெரியும்.

இல்லை, விஸ்வநாத்துக்காகவும் எந்தச் சட்டமும் மாறவில்லை. யாரும் அவரைத் தடுக்கப் புதிய உத்தி தேடவில்லை. 1975 ஜனவரி, சேப்பாக்கம், பந்து எகிறிக்கொண்டிருந்த பிட்ச். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 190-க்கு ஆல் அவுட். அதில் விஸ்வநாத் மட்டும் 97, கடைசிவரை ஆட்டமிழக்காமல். எதிர்முனையில் ஆள் தீர்ந்துபோனதால் மூன்று ரன் கிடைக்கவில்லை. இந்தியா அந்த டெஸ்டை 100 ரன் வித்தியாசத்தில் வென்றது.